கணவாய் முதல் பேத்தை வரை: கேள்வி – பதில்

கேள்வி: வாங்கி வந்த கணவாயைக் கழுவும்போது தோலிலுள்ள பழுப்புப் புள்ளிகள் தானாகவே விரிந்து சுருங்கின. பயந்துபோய் மூடி வைத்துவிட்டேன். சமைக்கலாமா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: தாராளமாக. இவ்வளவு புதிய கணவாய் கிடைப்பதே அபூர்வம்! ஒவ்வொரு புள்ளியும் சாயம் அடைத்த குட்டிப் பை. அதைச் சுற்றிலும் சக்கரத்தின் ஆரக்கால்போலத் தசை இழைகள். அவை இழுத்தால் பை தட்டையாக விரிந்து நிறம் பரவும். விட்டால் ஊசிமுனையாகச் சுருங்கும். மூளையிலிருந்தே நரம்பு வருவதால் நொடிக்குள் மணல் நிறமாகவோ வரிவரியாகவோ மாறிவிடும். செத்த பிறகு மூளையின் கட்டளை நின்றாலும், தோலின் நரம்பும் தசையும் அடங்கச் சற்று நேரமாகும். நீங்கள் பார்த்தது அந்தத் துடிப்பைத்தான். பழசானால் பைகள் சிதைந்து, சாயம் கசிந்து, வெள்ளைச் சதை இளஞ்சிவப்பாகும். அதை வாங்காதீர்கள்.

முதுகைக் கீறி உள்ளிருக்கும் ஓட்டினை எடுத்ததும், வெள்ளிபோல மினுங்கும் மைப்பையை அழுத்தாமல் கிள்ளி எடுங்கள். உடைந்தால் சட்டியெல்லாம் கருப்பு. துண்டுகளைப் பெருந்தீயில் 2 நிமிடத்துக்குள் வதக்கி இறக்குங்கள். தவறினால் அரைமணிக்கு மேல் சிறுதீயில் விடுங்கள், இறுகிய சதை இளகும். இடையில் இறக்கினால் ரப்பர்தான்.

கேள்வி: நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கடல் நுரை, நிஜமாகவே நுரையா? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: இல்லை, மேலே சொன்ன கணவாயின் ஓடு. உடைத்துப் பாருங்கள்: சுண்ணாம்பாலான மெல்லிய அறைகள் அடுக்கடுக்காக இருக்கும். அறையிலிருந்து நீரை வெளியேற்றினால் வாயு சேர்ந்து உடல் லேசாகும். நீரை உள்ளே விட்டால் கனக்கும். துடுப்பு அசைக்காமலே நடுநீரில் நிற்க இதுதான் வழி. சில நூறு மீட்டருக்குக் கீழே போனால் நீரழுத்தத்தில் ஓடு நொறுங்கிவிடும். முட்டையிட்டபின் கணவாய் செத்துவிட, ஓடு மட்டும் மிதந்து கரை சேர்கிறது.

கேள்வி: பேத்தை மீனை நன்றாக வேகவைத்தால் விஷம் போய்விடுமாமே? (வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: போகாது. அதன் விஷமான டெட்ரோடோடாக்சின் கொதியில் அழியாது. ஈரலிலும் சினையிலும் மிகுதி. பல இனங்களில் தோலிலும் உண்டு. நரம்பில் செய்தி ஓடுவதற்காகச் சோடியத்தை உள்ளே விடும் வாயில்களை அது அடைத்துவிடும். பேத்தையின் வாயில்கள் அமைப்பில் சற்று வேறுபடுவதால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. தின்றவருக்கு உதடும் நாக்கும் மரத்துப்போவது முதல் அறிகுறி. அடுத்து மூச்சுத் தசைகள் செயலிழக்கலாம். முறிமருந்து கிடையாது. செயற்கைச் சுவாச வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள்.