ககெரு: ஒரு வினை, பல கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, 'மாட்டு', 'தொங்கவிடு' என்று அடிப்படைப் பொருள் தரும் ஜப்பானிய வினை 'ககெரு' பற்றியவை. முதலில் உச்சரிப்பு. இரண்டு ககரமும் வல்லினம். இரண்டாவதை 'முகம்' போல மென்மையாகச் சொன்னால் நிழல் படர்வதைக் குறிக்கும் வேறு வினையாகிவிடும். அதனால்தான் ஹிரகானாவில் (ஜப்பானிய ஒலியெழுத்தில்) எழுதிப் படியுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

அகராதியில் ககெருவுக்கு இருபதுக்கு மேல் பொருள் இருக்கிறது. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

வேண்டாம். ஆங்கிலம் வழியாகப் படிப்பதால் வரும் சிக்கல் இது. மெகனே (கண்ணாடி), தென்வா (போன்), ககி (பூட்டு), ஐரோன் (இஸ்திரி) என எதற்குப் பின்னாலும் 'ஓ ககெரு' வரும் ('ஓ' நம் 'ஐ' உருபு போல). ஆங்கிலத்தில் நான்குக்கும் நான்கு வினை தேவை. தமிழில்? கண்ணாடி போடு, போன் போடு, பூட்டு போடு, இஸ்திரி போடு. கையிலேயே இருக்கும் தமிழை விட்டுவிட்டு எதற்கு இந்தச் சுற்றுவழி? எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அப்புறம், 'போடு' எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று இறங்கிவிடாதீர்கள். சட்டைக்கு கிரு, செருப்புக்கு ஹகு, தொப்பிக்கு கபுரு. டோஃபு மேல் சோயா ஊற்றுவதும் ககெருதான், அங்கே தமிழில் 'போடு' வராது. வினையைத் தனியாகப் படிக்காமல் முன்னால் வரும் பெயர்ச்சொல்லோடு சேர்த்துப் படியுங்கள்.

ஜிகான் (நேரம்) ஓ ககெரு, ஜிகான் கா ககரு: என்ன வித்தியாசம்?

முதலாவது, நாமாக நேரம் செலவழித்துச் செய்வது. இரண்டாவது, நேரம் 'ஆவது'; 'கா' எழுவாயைக் காட்டும். தோக்கியோவிலிருந்து ஷின்-ஓசகாவுக்கு நொசோமி ரயிலில் இரண்டரை மணி நேரம் ஆகும், இங்கே ககரு.

ஜப்பானிய மருத்துவமனையில் 'ஒககே குதசாய்' என்றார்கள். எதைத் தொங்கவிடுவது?

உட்காரச் சொன்னார்கள்.

'சான் ககெரு யோன்' என்றால்?

3 பெருக்கல் 4. விடை 12.

'யோமிககே நோ ஹோன்' எந்தப் புத்தகம்?

படிக்க ஆரம்பித்துப் பாதியில் நிற்கும் புத்தகம். வினையின் மாஸ் வடிவத்தில் ('மாஸ்' என்று முடியும் பணிவான வடிவம்) 'மாஸ்' நீக்கி ககெரு சேர்த்தால் 'செய்யத் தொடங்கி முடியாத நிலை' என்று பொருள்.

கோப்பை 'கா ககெரு' என்று படித்தேன். கோப்பையை எங்கே மாட்டுவது?

கான்ஜியை (சொல்லை எழுதும் சீன எழுத்தை) பார்த்தீர்களா? பார்த்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. அது விளிம்பு உடைந்துபோவதைச் சொல்லும் வேறு சொல். தோக்கியோ உச்சரிப்பில் மாட்டும் ககெரு 'கெ'யில் ஏறி 'ரு'வில் இறங்கும், உடையும் ககெரு இறங்காது. கோப்பைக்குப் பின்னால் 'ஓ' இல்லை, 'கா' இருக்கிறது என்பதையாவது கவனித்திருக்கலாம். பந்தயம் கட்டும் ககெருவுக்கு இந்த வசதியும் கிடையாது. அதற்கும் 'ஓ'தான் வரும், ஏற்ற இறக்கமும் அதேதான். அங்கே கான்ஜி ஒன்றுதான் வழி.