டர்பனிலிருந்து துபாய்க்குப் போன மீன் மேலடுக்கில் மட்டும் உறைவது ஏன்?

உறையாத மீனை மேலே உலர்பனி வைத்து அனுப்பியதில் மேலடுக்கு உறைந்துவிட்டது, வாங்கியவர் விலையைக் குறைத்துவிட்டார் என்று கேட்டிருந்தீர்கள். மேலடுக்கு மீன் கல்லாகிப் போனதற்குக் காரணம் நீங்கள் மேலே வைத்த உலர்பனிதான் (திடமாக்கிய கார்பன் டை ஆக்சைடு). உறையாத மீன் அனுப்புவதென்றால் அதை விட்டுவிட்டு ஜெல் பேக் (ஃப்ரீசரில் குளிரவைத்த ஜெல் பை) வையுங்கள்.

உலர்பனியின் வெப்பநிலை மைனஸ் 78 டிகிரி. மீனோ மைனஸ் 2 டிகிரியை நெருங்கும்போதே உறையத் தொடங்கிவிடும். அதனால்தான் பக்கத்தில் இருந்தது உறைந்தது, அடியில் இருந்தது தப்பியது. உறைந்து இளகிய சதை நீர் விட்டுத் தளர்ந்துவிடும்; வாங்கியவர் விலையைக் குறைத்தது நியாயம்தான்.

ஜெல் பேக்கையும் ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு மீன்மேல் வைக்காதீர்கள். அதன் மேற்பரப்பு வியர்க்கட்டும், அப்புறம் நடுவே ஓர் அட்டை கொடுத்து வையுங்கள்.

அனுப்புவதற்கு முன் ஒரு பெட்டியைச் சோதித்துப் பாருங்கள். வெப்பநிலை பதியும் கருவி ஒன்றை மேலேயும் இன்னொன்றை நடுவிலும் வைத்து, ஜோகன்னஸ்பர்க்கில் விமானம் மாறக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து, முழுப் பயண நேரமும் பெட்டியைக் குளிரறைக்கு வெளியே வைத்திருங்கள். இரண்டும் 0 முதல் 4 டிகிரிக்குள் நின்றால் சரி.

உறைந்த இறாலுக்கு உலர்பனி பொருத்தமானதே. ஆனால் விமானத்தில் அது அபாயகரமான சரக்கு, அதற்கான ஐ.நா. அடையாள எண் யுஎன் 1845. அதன் நிகர எடையைப் பெட்டியிலும் ஏர்வே பில்லிலும் (விமானச் சரக்கு ஆவணம்) கட்டாயம் எழுதுங்கள். பெட்டியைக் காற்றுப் புகாமல் ஒட்டிவிடாதீர்கள். உலர்பனி வாயுவாக மாறிக்கொண்டே இருக்கும்; அந்த வாயு வெளியேற வழியில்லை என்றால் பெட்டி வெடிக்கும்.