கொரோனாவும் தெருமுனை டாக்டரும்: கேட்டவர்களுக்குப் பதில்

கும்பகோணத்தில் 26 வருஷமாகச் சின்ன கிளினிக் நடத்துகிறேன். எம்.பி.பி.எஸ். மட்டும்தான். கொரோனா சமயத்தில் ஃபேமிலி டாக்டர்கள் என்ன செய்தீர்கள் என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து எழுதுகிறேன்.

கொரோனா என்றாலே ஜி.ஹெச்.தான் என்றார்களே, உங்களுக்கு என்ன வேலை இருந்தது? (சேலம்)

தொற்று வந்த பத்துப் பேரில் சுமார் எட்டுப் பேருக்கு வீட்டிலேயே சரியாகிவிட்டது. மீதி இரண்டு பேர் யார் என்று முதல் நாள் யாருக்கும் தெரியாது, அதைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை. பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கு மேல்தான் மோசமாகும் என்பதால், காய்ச்சல் தொடங்கிய தேதியை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு காலையும் ராத்திரியும் ஃபோன் போடுவேன்.

மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர், ஏழாம் நாள், "நல்லா இருக்கேன் டாக்டரம்மா, பசிதான் இல்ல" என்றார். இந்த ஒரு வரியைச் சொல்வதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினார். இருபது வருஷமாக அவர் பேசிக் கேட்டவள் நான், கல்லாவில் உட்கார்ந்து தெருக்கோடிக்குக் கேட்கப் பேசுகிற மனிதர். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிக்கொண்டு ஆறு நிமிஷம் கூடத்திலேயே நடக்கச் சொன்னேன். 95 இருந்தது 88-க்கு வந்துவிட்டது. உடனே 108. பதினோரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். அவரை முன்பின் தெரியாத டாக்டர் ஃபோனில் கேட்டிருந்தால் "பசியில்லையா, சரி, கஞ்சி குடிங்க" என்று வைத்திருக்கக்கூடும்.

எங்கள் டாக்டர் கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். இன்னும் மனசு ஆறவில்லை. (விருதுநகர்)

உங்கள் கோபம் நியாயம்தான். நானும் 2020 மார்ச் கடைசியில் ஒன்பது நாள் பூட்டினேன். என்95 மாஸ்க் கிடைக்கவில்லை, என் அறைக்கு ஜன்னல் கிடையாது, வீட்டில் 81 வயது மாமியார். அப்புறம் மேஜையை வாசல் திண்ணைக்கு மாற்றி உட்கார்ந்தேன். கதவை மூடியதைக்கூட நான் மன்னிப்பேன், ஃபோனை எடுக்காததை மன்னிக்க மாட்டேன். ஃபோனிலும் வீடியோவிலும் நோயாளியைப் பார்க்கலாம், மருந்து எழுதலாம் என்று மத்திய அரசு 2020 மார்ச் 25-ஆம் தேதியே விதிமுறை வெளியிட்டுவிட்டது.

முதல் நாளே ஸ்டீராய்டு மாத்திரை எழுதினார்கள். அது தப்பா? (ஈரோடு)

தப்புதான். 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு வந்தது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்ததில் வென்டிலேட்டரில் இருந்தவர்களிடையே இறப்பு மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் வைத்திருந்தவர்களிடையே ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பலனும் இல்லை. அந்தக் கடைசி வரியைப் பலர் படிக்கவே இல்லை. 2021 மே மாதம் கரும்பூஞ்சை வந்தபோது மாட்டியவர்களில் பெரும்பாலோர் சர்க்கரை நோயாளிகள், ஸ்டீராய்டு எடுத்தவர்களும் நிறைய. பாராசிட்டமால் போதும், தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லி அனுப்பினால் "ஒண்ணுமே தரல" என்று வேறு இடத்துக்குப் போனார்கள். போகட்டும் என்று விடாமல் அவர்களுக்கும் சாயந்திரம் ஃபோன் செய்தேன்.

லேசான காய்ச்சலுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தோமே? (மதுரை)

மூச்சுத்திணறல் இல்லாமல், ஆக்சிஜன் 94-க்கு மேல் இருந்திருந்தால் தேவையில்லை. அந்தக் காசுக்கு ஆக்சிமீட்டர் வாங்கியிருக்கலாம்.

கொரோனா இல்லாத நோயாளிகள் என்ன ஆனார்கள்? (திருநெல்வேலி)

இதைத்தான் யாரும் கேட்பதில்லை, கேட்டதற்கு நன்றி. இந்தியாவில் 2019-இல் சுமார் 24 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள், 2020-இல் 18 லட்சம்தான். நோய் குறைந்துவிடவில்லை, இருமலோடு வெளியே வரவே ஜனங்கள் பயந்தார்கள். சர்க்கரை மாத்திரை தீர்ந்து மூன்று மாதம் சும்மா இருந்தவர்கள் கால் புண்ணோடு வந்தார்கள். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், பி.பி., சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தது. அது முந்தின வருஷமே வந்திருக்கக் கூடாதா என்று இப்போதும் ஏங்குகிறேன்.

தடுப்பூசிக்குப் பயந்தவர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? (தஞ்சாவூர்)

2021 மார்ச்சில் 60 வயது தாண்டியவர்களுக்குப் போட ஆரம்பித்தார்கள். 45-லிருந்து 59 வரை உள்ளவர்களுக்கு இணைநோய் இருப்பதாக டாக்டர் சான்றிதழ் அப்போது வேண்டியிருந்தது. அதில் கையெழுத்து வாங்க வந்தவர்களிடம்தான் பேச நேரம் கிடைத்தது. "நீங்க போட்டுக்கிட்டீங்களா?" என்பதுதான் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி. என் தடுப்பூசிச் சான்றிதழை ஃபோனில் காட்டுவேன். பாதிப் பேர் அதிலேயே ஊசி போட்டுக்கொள்ளக் கிளம்பிவிட்டார்கள்.

அடுத்த தடவை வந்தால் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்பலாமா? (சென்னை)

தாராளமாக. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், வீட்டில் வயசானவர்கள் யார் என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். ஆனால் மூச்சு வாங்கினால் நீல டிக் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். 108-க்கு அடித்துவிட்டு அப்புறம் எனக்குச் சொல்லுங்கள்.