றம்பொடை இறக்கத்தில் தரை தொடும் பெடல்

உங்கள் வேனில் கோளாறு பிரேக் பேடில் (சக்கரத்தின் தட்டை அழுத்திப் பிடிக்கும் கட்டையில்) இல்லை, பிரேக் ஒயில்தான் கொதிக்கிறது. நுவரெலியாவிலிருந்து இறங்கும்போது றம்பொடை வளைவுகளில் பெடல் தரைவரை போகிறது, அரை மணி நேரம் நிறுத்தினால் சரியாகிவிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பேட் சூடானால் பெடல் இறுகித்தான் இருக்கும், வேன் மட்டும் நிற்காது. பெடல் பஞ்சுபோல அமுங்கினால் ஒயில் போகும் குழாய்க்குள் ஆவி இருக்கிறது.

பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் ஏறினால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். டொட் என்பது பிரேக் ஒயிலின் தரம்; புதிய டொட் 3 குறைந்தது 205 பாகை செல்சியஸ்வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறியதற்கு 140 போதும். கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? பேட் மாற்றியபோது மேலே கொஞ்சம் ஊற்றியதெல்லாம் கணக்கில் வராது.

முழுவதையும் வடித்து டொட் 4 ஊற்றி, நான்கு சக்கரத்தின் பிரேக்கிலும் குழாய்க்குள் உள்ள காற்றை எடுக்கச் சொல்லுங்கள். டொட் 5 வேண்டாம், அது சிலிக்கோன் ஒயில். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. பிரேக் அதிகம் போடாமல் சமதரையில் கொஞ்சம் ஓடிவிட்டு, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே கலிப்பர் (பேடை அழுத்தும் பகுதி) விடாமல் பிடித்திருக்கிறது. அதை விட்டுவிட்டு ஒயிலை மட்டும் மாற்றினால் மறுபடியும் இதே கதைதான்.

வேன் ஆறியிருக்கும்போதும், எஞ்சினை ஓடவிட்டு ஒரு நிமிடம் மிதித்துப் பிடித்தால் பெடல் மெல்ல இறங்குகிறதா? அப்படியென்றால் நான் சொன்னது பிழை, பெடலை மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரைக் கழற்ற வேண்டும்.

எதுவானாலும் சரிசெய்யும்வரை ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். அப்புறம், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது நம் பக்கத்தில் பலருக்கும் உள்ள கெட்ட பழக்கம்.