ஃப்ளோரிடா ஈஸ்ட் கோஸ்ட் ரயில்வே: கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

அமெரிக்க ரயில் கம்பெனிகள்ல எனக்கு ரொம்ப புடிச்சது இதுதான். கேட்டவங்க எல்லாருக்கும் வரிசையா பதில் போட்டிருக்கேன்.

கேள்வி: எண்ணெய் கம்பெனி ஆளுக்கு ரயில்ல என்னங்க வேலை?

ஹோட்டலுக்கு ஆள் வரணும்ல, அதான். இந்த ரயில் கம்பெனியை ஆரம்பிச்ச ஹென்றி ஃப்ளாக்லர், ராக்ஃபெல்லரோட சேர்ந்து ஸ்டாண்டர்ட் ஆயில்ல சம்பாதிச்சவரு. ஃப்ளோரிடாவுல செயின்ட் அகஸ்டின்ல பணக்காரங்களுக்குன்னு ஹோட்டல் கட்ட ஆரம்பிச்சாரு (1888ல தொறந்துச்சு), ஆனா அந்த ஊருக்கு வர்ற ரயில் படு மோசம், சரி நாமளே வாங்கிடுவோம்னு பக்கத்துல இருந்த குட்டி லைனை வாங்கினாரு. அப்புறம் தெற்கே போடப் போட அரசாங்கம் வேற நிலமா அள்ளிக் கொடுத்துச்சு, அதுக்கப்புறம் மனுஷன் நிப்பாட்டுவாரா? 1894ல பாம் பீச் பக்கம் வந்தாச்சு. பாதி ரயில் கம்பெனி, பாதி ரியல் எஸ்டேட்னே வச்சுக்கோங்க.

கேள்வி: ஜூலியா டட்டில் அம்மா ஆரஞ்சுப் பூ அனுப்பி அவரை மியாமிக்கு வரவச்சாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா சார்?

பூ கதை கேக்க நல்லாத்தான் இருக்கு. 1894-95 குளிர்ல ஃப்ளோரிடா ஆரஞ்சுத் தோட்டம் எல்லாம் கருகிப் போச்சு, தெற்கே மியாமி ஆத்துப் பக்கம் தப்பிச்சுது, அது உண்மை. ஆனா அவரை இழுத்தது பூ இல்லைங்க, அந்தம்மா தன் நிலத்துல பெரிய பங்கை எழுதிக் கொடுக்க ஒத்துக்கிட்டதுதான். 1896 ஏப்ரல்ல ரயில், ஜூலையில நகரம். நகரம் ஆக்க ஓட்டு போட்டதுல கணிசமான பேர் அங்க வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளிங்க, அப்புறம் அவங்களையே தனிப் பேட்டையில ஒதுக்கி வச்சாங்க. இதை ஃப்ளாக்லர் புகழ் பாடுறவங்க சொல்லவே மாட்டாங்க.

கேள்வி: கடல் மேல எதுக்கு தண்டவாளம் போட்டாரு? லூசா அவரு?

அன்னைக்கே "ஃப்ளாக்லரோட பைத்தியக்காரத்தனம்"னுதான் சொன்னாங்க, ஆனா கணக்கு இருந்துச்சு. பனாமா கால்வாய் வரப்போகுது, அமெரிக்காவுல அதுக்குக் கிட்டத்துல இருக்கிற ஆழமான துறைமுகம் ஃப்ளோரிடாவோட தெற்குக் கோடித் தீவான கீ வெஸ்ட், அந்தாண்ட கியூபா, சரக்கெல்லாம் நம்ம லைன்லதான் ஏறும்னு நெனச்சாரு. 1905ல ஆரம்பிச்சாங்க. தீவுகள்ல குடிக்கத் தண்ணி கிடையாது, எல்லாம் வெளியில இருந்துதான் வரணும். கடலுக்கு அடியில போடுற கான்கிரீட்டுக்கு ஜெர்மனி சிமெண்ட். 1906 புயல்ல 100 பேருக்கு மேல தொழிலாளிங்க செத்தாங்க, 1909லயும் 1910லயும் திரும்பப் புயல், தலைமை இன்ஜினியர் மெரிடித் நடுவுலயே இறந்துட்டாரு, அப்புறம் குரோம்னு ஒருத்தர் எடுத்து முடிச்சாரு. 1912 ஜனவரி 22ல 82 வயசுல ஃப்ளாக்லர் கீ வெஸ்ட்ல ரயில்ல போய் இறங்கினாரு, அடுத்த வருஷமே போயிட்டாரு. எதிர்பார்த்த பனாமா சரக்கு கடைசி வரைக்கும் வரல. ஹவானாவுக்கு சரக்கு வேகனை அப்படியே கப்பல்ல ஏத்தி அனுப்பினாங்க, அந்த வியாபாரம்தான் ஏதோ ஓடுச்சு.

கேள்வி: 1935 புயல்தானே கம்பெனியை முடிச்சது?

இல்லைங்க, 1931லயே திவாலாகி கோர்ட் கையில போயிடுச்சு. கீ வெஸ்ட் போற வழித் தீவுகள்ல அடிச்ச 1935 செப்டம்பர் 2 புயல்ல 400 பேருக்கு மேல போயிட்டாங்க, அதுல நெறைய பேர் அங்க ரோடு வேலைக்கு வந்திருந்த முதல் உலகப் போர் சிப்பாய்ங்க. அவங்களைக் கூட்டிட்டு வர மியாமியில இருந்து லேட்டா அனுப்பின ரயில் ஐலமொராடாவுல அலையில மாட்டி பெட்டியெல்லாம் கவுந்துச்சு, இன்ஜின் மட்டும் நின்னுச்சு. கம்பெனி அந்தக் கடல் லைனை ரிப்பேரே பண்ணல, 6,40,000 டாலருக்கு அரசாங்கத்துக்கிட்ட தள்ளிவிட்டுச்சு. என்னைக் கேட்டா சனியன் விட்டுச்சுன்னுதான் இருந்திருப்பாங்க. 1938ல அது மேலயே ரோடு வந்துச்சு. அந்த லைன்ல இருந்த பஹியா ஹோண்டா பாலத்துல இரும்புச் சட்டத்துக்குள்ள ரெண்டு கார் போற அகலம் இல்ல, அதனால ரோட்டை சட்டத்துக்கு மேல தூக்கிப் போட்டாங்க!

கேள்வி: அப்ப அதுக்கப்புறம் சொல்ல ஒண்ணும் இல்லையா?

யாரும் கேக்கலையேன்னு பார்த்தேன். கடல் பாலத்தை விட 1963 ஸ்டிரைக்தான் பெரிய விஷயம்னு நான் சொல்வேன். மத்த ரயில் கம்பெனிங்க ஒத்துக்கிட்ட சம்பள உயர்வை இவங்க முதலாளி எட் பால் தர முடியாதுன்னுட்டாரு. ஜனவரி 23ல 11 யூனியன் வெளியேறுச்சு, அவரு சூப்பர்வைசர்களை வச்சே சரக்கு ரயிலை ஓட்ட ஆரம்பிச்சாரு. 1964ல ரயிலுக்கு டைனமைட் வச்சாங்க, அப்பவும் அசையல. முன்னாடி ஜாக்சன்வில்லேல இருந்து மியாமிக்கு அஞ்சஞ்சு பேரா மூணு செட் மாறணும், இவரு ரெண்டே பேரை வச்சு முழு தூரத்தையும் ஓட்டிக் காட்டினாரு. தொழிலாளி பக்கம் நின்னு பார்த்தா வயிறு எரியும், ஆனா பின்னாடி மத்த கம்பெனிகளும் ஆளைக் குறைச்சு இந்த வழிக்குத்தான் வந்துச்சு. பயணிகள் ரயில் 1968ல மொத்தமா நின்னுச்சு.

கேள்வி: இப்ப அந்த லைன்ல போக முடியுமா? ஆர்லாண்டோவுக்கு டிக்கெட் பார்த்தேன்.

அது பிரைட்லைன், வேற கம்பெனி. மியாமியில இருந்து கோக்கோ ஊர் வரைக்கும் ஃப்ளாக்லர் லைன், அங்க இருந்து ஆர்லாண்டோ ஏர்போர்ட்டுக்கு புதுசா போட்டு 2023ல தொறந்தாங்க. சரக்கு இன்னும் பழைய கம்பெனி பேர்லயே ஓடுது, ஓனர் 2017ல இருந்து குருப்போ மெக்சிகோ. பழைய கடல் பாலம் பார்க்கணும்னா மாரத்தான் ஊர்ல இருந்து பிஜன் கீ வரைக்கும் நடந்தே போகலாம், 2 மைல் சொச்சம், நிழலே கிடையாது, தொப்பி எடுத்துக்கோங்க.