இன்ஹேலர் கொடுத்தும் இளைப்பு நிற்கவில்லையா?

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. வீசிங்குக்காக இளைப்பு வராமல் தடுக்க தினமும் இரண்டு வேளை புடசோனைடு இன்ஹேலர், இளைப்பு வந்தால் மட்டும் அதை உடனே தணிக்க சால்புட்டமால் இன்ஹேலர். மாஸ்க்கைக் கண்டாலே அழுவதால், தூங்கிய பிறகு ஸ்பேசரில் (இன்ஹேலரைப் பொருத்தும் பிளாஸ்டிக் குழாய்) வைத்துக் கொடுக்கிறேன். ஆனாலும் இளைக்கிறது. இன்ஹேலர் பழகிவிடும், உயரம் நின்றுவிடும் என்று நெட்டில் போட்டிருக்கிறது. மருந்தைப் புகைபோலாக்கித் தரும் நெபுலைசர் கருவி வாங்கட்டுமா? ராத்திரி மூச்சு நின்றுவிடுமோ என்று தூக்கமே வருவதில்லை. (வாசகி, திண்டுக்கல்)

பதில்: ராத்திரி சந்தேகம் வந்தால் பையனின் சட்டையைக் கழற்றிப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவிலோ தொண்டைக்குக் கீழோ குழி விழுகிறதா? ஒரு வாக்கியத்தைச் சேர்த்துப் பேச முடியாமல் திணறுகிறானா? உதடு நீலம் பாய்கிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள்; வண்டி வரும்வரை சால்புட்டமாலைக் கொடுத்துக்கொண்டிருங்கள். விசில் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். அடைப்பு முற்றினால் காற்றே ஓடாது, சத்தமும் அடங்கிவிடும். பையன் சோர்ந்திருக்க சத்தம் குறைந்தால் அது குணமல்ல, ஆபத்து. சால்புட்டமால் கொடுத்து 3, 4 மணி நேரத்துக்குள் மறுபடி இளைத்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

இப்போது இளைப்பு அடங்காததற்கு, மருந்து நுரையீரலுக்குப் போய்ச் சேராததே காரணமாக இருக்கலாம். தூங்கும் குழந்தையின் மூச்சு ஆழமாக இருக்காது. மாஸ்க்கும் முகத்தில் சரியாகப் படியாது. சின்ன இடைவெளி இருந்தாலே மருந்து வெளியே போய்விடும். அழும்போது கொடுத்தால் பெரும்பகுதி வாயிலும் தொண்டையிலுமே தங்கிவிடும்.

5 வயதுப் பிள்ளைக்குப் பெரும்பாலும் மாஸ்க்கே வேண்டாம். அதைக் கழற்றிவிட்டு ஸ்பேசரின் வாய்க்குழாயைப் பல்லுக்கு இடையே வைத்து, உதட்டால் இறுக்கி மூடச் சொல்லுங்கள். பகலில், இளைப்பு இல்லாத நேரத்தில், மருந்தில்லாமல் ஸ்பேசரை மட்டும் கொடுத்து விளையாட்டாகப் பழக்குங்கள். மருந்து கொடுக்கும்போது நிமிர்ந்து உட்காரட்டும். இன்ஹேலரை நன்றாகக் குலுக்கிப் பொருத்தி, ஒரே ஒரு முறை அழுத்துங்கள். அவன் நிதானமாக 5, 6 முறை மூச்சை இழுத்து விடட்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் வால்வு அசைவது தெரியும். அடுத்த பஃப்புக்கு அரை நிமிடம் பொறுத்து, மறுபடி குலுக்கி அழுத்துங்கள். நேரம் மிச்சம் என்று இரண்டு பஃப்பைச் சேர்த்து அடித்தால் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஸ்பேசரின் சுவரிலேயே படிந்துவிடும். புடசோனைடுக்குப் பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளைப் பூஞ்சை வரலாம்.

ஸ்பேசரைத் துணியால் துடைக்கிறீர்களா? நிறுத்துங்கள். தேய்த்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு விட்டு முக்கியெடுத்து, தானாக உலர விடுங்கள்.

இன்ஹேலருக்கு யாரும் அடிமையாவதில்லை. உயரம் குறைந்தாலும் சுமார் 1 செ.மீ. அளவுதான், அடங்காத ஆஸ்துமாவும் வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த பயத்தில் புடசோனைடை நீங்களாக நிறுத்திவிட்டு சால்புட்டமாலை மட்டும் ஓட்டுவதுதான் உண்மையான ஆபத்து. நெபுலைசர் வேண்டாம், சரியாகப் பயன்படுத்திய ஸ்பேசரே அந்த வேலையைச் செய்யும். மருந்துக்கடையில் கேட்டு இருமல் சிரப் வாங்கி ஊற்றவும் வேண்டாம்.

அடுத்த முறை போகும்போது இரண்டு இன்ஹேலரையும் ஸ்பேசரையும் எடுத்துப் போங்கள். டாக்டர் எதிரில் பையனுக்கு ஒரு பஃப் கொடுத்துக் காட்டிவிட்டு, அதன்பிறகு டோஸைக் கூட்டுவது பற்றிப் பேசுங்கள்.