உடம்பு வீட்டில், மனசு ஆபீஸில்

கேள்வி: எனக்கு வயது 41. கணக்குப் பிரிவில் வேலை. மாலை 7 மணிக்கு வீடு திரும்புகிறேன். வந்ததும் சோபாவில் சாய்ந்து போனைக் கையில் எடுத்தால் 9 மணி ஆகிவிடுகிறது. அவ்வளவு நேரம் சும்மா கிடந்தும் அலுப்புத் தீர்வதில்லை. பிள்ளைகள் ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறேன். படுத்தால் பாதியில் விட்ட வேலைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகின்றன. தூங்க 12:30 ஆகிறது. ஒரு மாதமாக இப்படித்தான். "உடம்பு இங்கே இருக்கு, மனசு இன்னும் ஆபீஸில்தான் இருக்கு" என்கிறார் மனைவி. தூக்க மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

பதில்: மாத்திரை இப்போது வேண்டாம். உங்கள் மனைவி பிரச்சினையைச் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார். நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நிமிடம், உங்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? தோள்பட்டை சற்றுத் தூக்கினாற்போல் இருக்கிறதா? மெல்லாத நேரத்தில், உதடு மூடியிருந்தாலும் பற்களுக்கு நடுவே சிறு இடைவெளி இருப்பதுதான் இயல்பு. சோபாவில் சாய்ந்திருக்கும்போதும் தாடை இறுகியிருந்தால், உடம்பு இன்னும் வேலை நேரத்தில்தான் இருக்கிறது என்று பொருள்.

நெருக்கடியான நேரத்தில், பரிவு நரம்புகள் எனப்படும், தானாகவே இயங்கும் நரம்புகள் நம்மை உசுப்பிவிடுகின்றன. இதயத் துடிப்பு கூடுகிறது, தசைகள் இறுகுகின்றன, ரத்தஅழுத்தம் ஏறுகிறது. அப்போது சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். கூடவே சுரக்கும் கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் பாதியாகக் குறையவே ஒன்றிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவும் புதிதாக உசுப்பல் எதுவும் வராமல் இருந்தால்தான். உங்கள் கையிலிருக்கும் போனில்தானே ஆபீஸ் குழுவும் இருக்கிறது? "நாளைக்குள் அந்தக் கணக்கு வேண்டும்" என்று ஒரு வரி வந்தால் போதும், அடங்கப் போன உடம்பு மறுபடி நிமிர்ந்துகொள்ளும். அந்த வரியைப் படிக்கக்கூட வேண்டாம், வந்திருக்குமோ என்ற எதிர்பார்ப்பே போதும். இரண்டு மணி நேரம் படுத்திருந்தும் அலுப்புத் தீராததற்குக் காரணம் இதுதான். சோம்பேறித்தனம் என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள்.

அப்படியானால் உடம்பை எப்படி அடக்குவது? எனக்குப் பிடித்த வழியைச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்ததும் உடை மாற்றி, முகம் கழுவி, போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். ஒரு கையின் மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, மறு கையின் இரண்டு விரல்களை வைத்து நாடியைத் தேடுங்கள். மனதுக்குள் நான்கு எண்ணியபடி மூச்சை இழுங்கள். ஆறு எண்ணியபடி மெதுவாக விடுங்கள். கொஞ்சம் பொறுமையாகக் கவனித்தால், பலருக்கு இழுக்கும்போது நாடி சற்று விரைவதும் விடும்போது தளர்வதும் விரலிலேயே தெரியும். மூச்சை விடும்போது வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. உடம்பை ஆசுவாசப்படுத்தும் எதிர்ப்பரிவு மண்டலத்தின் முக்கிய நரம்பு அது. ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

கழுத்தும் தோளும் வலித்தால் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: தோளைக் காது வரை தூக்கி ஐந்து நொடி இறுக்கிப் பிடித்து, சட்டென்று விட்டுவிடுங்கள். கைவிரல், தாடை, வயிறு, கால் என்று இப்படியே ஒவ்வொன்றாக. தசைத் தளர்வைச் சிகிச்சையாகவே 1920களில் வளர்த்தெடுத்தவர் எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர்.

அப்புறம், அந்தப் பாதியில் விட்ட வேலைகள். முடித்த வேலையைவிட முடிக்காத வேலை மனதில் அதிகம் நிற்கிறது என்று 1927-லேயே ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் எழுதியிருக்கிறார். என் அனுபவமும் அதுதான். கிளினிக்கை மூடிவிட்டு வந்த பிறகும் ஏதோ ஒரு நோயாளியின் ரிப்போர்ட் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் கிளம்பும் முன் ஒரு சிறு நோட்டில் எழுதிவிடுகிறேன்: நாளை காலை முதலில் யாருக்குப் போன் செய்ய வேண்டும், எந்தப் பரிசோதனை முடிவு வர வேண்டும் என்று. படுக்கப் போகும் முன் ஐந்து நிமிடம் மறுநாள் வேலைகளை எழுதியவர்கள், அன்று முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கியதாக 2018-இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. சிறிய ஆய்வுதான், ஆனால் ஒரு காகிதமும் பேனாவும் தவிர இதற்குச் செலவில்லை. "கணக்கு வேலை" என்று மொட்டையாக எழுதாமல், எந்தக் கணக்கு, எந்தப் பக்கத்திலிருந்து என்று எழுதுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு உங்கள் மேல் அக்கறை உண்டு, அவர்கள் மேலும் உண்டு. "அப்பாவுக்கு இருபது நிமிஷம் வேணும், அப்புறம் முழுசா உங்களோடதான்" என்று சொல்லிப் பாருங்கள். சொன்னபடி இருபதாவது நிமிடம் எழுந்து வந்துவிடுங்கள். நீங்கள் சோபாவில் இருக்கும் அந்த இரண்டு மணி நேரமும் வீட்டு வேலையை யார் பார்க்கிறார் என்பதையும் யோசியுங்கள். அவருக்கும் அலுப்பு இருக்கும். துணி மடிப்பது, பாத்திரம் துடைப்பது போன்ற கைவேலை, போனைவிட மனதுக்கு இதம் தருவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்காவிட்டாலும் இரண்டு விஷயம். மாலை 6 மணிக்குக் குடித்த காபியின் காஃபினில் ஏறக்குறைய பாதி, இரவு 11 மணிக்கும் ரத்தத்தில் இருக்கலாம். அலுப்புக்கு மது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது சீக்கிரம் கண்ணைச் செருகவைத்து, பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

மாத்திரைக்கு வருகிறேன். சில வகைத் தூக்க மாத்திரைகள் பழக்கமாகிவிடும். உங்களைத் தூங்கவிடாமல் செய்யும் காரணத்தை அவை தொடுவதும் இல்லை. நாள்பட்ட தூக்கமின்மைக்குக்கூட முதலில் பரிந்துரைக்கப்படுவது எண்ணத்தையும் பழக்கத்தையும் சீராக்கும் உளவியல் சிகிச்சைதான். இன்றிலிருந்து இரண்டு வாரம், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், தோராயமாக எப்போது தூங்கினீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். வாரத்தில் மூன்று இரவுக்கு மேல் இதே நிலை நீடித்தால் அந்தத் தாளோடு ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள். தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை ஆகியவற்றைச் சோதித்துவிடலாம். பெருங்குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும் இருப்பதாக மனைவி சொன்னாலோ, இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்கள் எதிலும் பிடிப்பில்லாமல் மனம் சோர்ந்து கிடந்தாலோ காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள். முடிந்தால் மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் சொல்ல மறப்பதை அவர் சொல்வார்.